வெயில் அடிச்சா பனி உருகும், சரியுமா? பத்ரிநாத், கேதார்நாத் கிளம்புறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய பனிச்சரிவு கணக்கு!

திருச்சி கே.கே. நகரில் ஏப்ரல், மே மாத மதியம் எப்படி இருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. செருப்பு இல்லாமல் வாசலில் கால் வைக்க முடியாது. இதே நாட்களில்தான் பல வீடுகளில் வடக்கே கிளம்பும் பேச்சு ஆரம்பிக்கும். பள்ளி விடுமுறை, ஆபீஸ் லீவு, டிக்கெட் எல்லாம் ஒத்துவரும் காலம் இது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதல் ஆசை உண்டு. 108 திவ்ய தேசங்களில் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது ஸ்ரீரங்கம். அதே பட்டியலில் திருவதரி என்ற பெயரில் இருப்பதுதான் இமயமலையில் உள்ள பத்ரிநாத். குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும் அந்தக் கோயில், வழக்கமாக ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறக்கப்படும். "முதல் வாரத்திலேயே போயிட்டா பனியையும் பாத்துடலாம், பெருமாளையும் சேவிச்சுடலாம்" என்பது பலரின் கணக்கு.

கூடவே இன்னொரு வார்த்தையும் காதில் விழும். "அங்க நல்லா வெயில் அடிக்குதாம்மா, பயம் ஒண்ணும் இல்ல!"

உண்மையில் பனிமலையைப் பொறுத்தவரை, நல்ல வெயில் என்பது எப்போதும் நல்ல செய்தி கிடையாது. வெயில் ஏறும் இந்த மாதங்களில் பனிச்சரிவு ஏன் நடக்கிறது, எந்த இடம், எந்த நேரம் ஆபத்து, அதை எப்படிக் கணிக்கிறார்கள், ஒரு சாதாரண யாத்ரீகர் கண்ணால் பார்த்தே எதையெல்லாம் புரிந்துகொள்ளலாம் என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

மானாவில் என்ன நடந்தது?

பத்ரிநாத்தில் இருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் இருக்கிறது மானா கிராமம். 'இந்தியாவின் முதல் கிராமம்' என்ற பெயர்ப்பலகை முன்பு நின்று போட்டோ எடுக்காத யாத்ரீகர்கள் குறைவு. பீம் புல், வியாச குகை எல்லாம் இங்கேதான்.

2025 பிப்ரவரி 28. விடிந்தும் விடியாத காலை நேரம். மானாவுக்கும் பத்ரிநாத்துக்கும் இடையே இருந்த எல்லைச் சாலை அமைப்பின் முகாமில், கன்டெய்னர்களிலும் ஷெட்டிலும் தங்கியிருந்த தொழிலாளர்கள் மேல் பனிச்சரிவு இறங்கியது. மொத்தம் 54 பேர் சிக்கினார்கள். ராணுவம், இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ், பேரிடர் மீட்புப் படைகள் என எல்லோரும் இறங்கித் தேடியதில் 46 பேர் மீட்கப்பட்டனர். 8 பேர் உயிரிழந்தனர். மார்ச் 2ஆம் தேதிதான் மீட்புப் பணி முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் மாலையே எச்சரிக்கை வந்துவிட்டது. சண்டிகரில் உள்ள பாதுகாப்பு புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம், 2,400 மீட்டருக்கு மேல் உள்ள பகுதிகளில் அடுத்த 24 மணி நேரத்துக்கு பனிச்சரிவு அபாயம் இருப்பதாக அறிவித்திருந்தது. அந்தப் பட்டியலில் சமோலி, உத்தரகாசி, ருத்ரபிரயாக், பித்தோராகர், பாகேஷ்வர் மாவட்டங்கள் இருந்தன. மானா இருப்பது சமோலி மாவட்டத்தில். அதன் உயரம் 3,200 மீட்டர் அளவு.

அதாவது பனிச்சரிவு என்பது 'திடீர்னு வந்துச்சு, யாருக்கும் தெரியாது' என்ற ரகம் இல்லை. நாள், இடம், உயரம் ஆகியவற்றை ஓரளவுக்கு முன்கூட்டியே சொல்ல முடிகிற ஆபத்து அது. எந்தச் சரிவு, எத்தனை மணிக்கு என்பதைத்தான் துல்லியமாகச் சொல்ல முடியாது.

சரி, பனிச்சரிவுன்னா என்ன?

கே.கே. நகர் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் வீடு கட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும். லாரியில் வந்து கொட்டிய எம்-சாண்ட் குவியலைப் பாருங்கள். ஒரு அளவு வரைதான் குவியல் செங்குத்தாக நிற்கும். அதற்கு மேல் ஒரு கூடை கொட்டினால் கூட, பக்கவாட்டில் சரசரவென இறங்கிவிடும். பனியிலும் இப்படி நடக்கும். ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே வர வர விரிந்துகொண்டே போகும். இது முதல் வகை. உதிரிப் பனிச்சரிவு.

இரண்டாவது வகைதான் அதிக உயிர்களைக் குடிப்பது. பழைய வீட்டுச் சுவரில் சிமென்ட் பூச்சு பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பார்த்தால் பூச்சு கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் சுவருக்கும் பூச்சுக்கும் நடுவில் பிடிப்பு போயிருக்கும். தட்டினால் 'டொப் டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும். ஒரு நாள் மொத்தமாக ஒரே பலகையாக விழும்.

மலையில் குளிர்காலம் முழுக்க பனி ஒரே நாளில் கொட்டுவதில்லை. நவம்பரில் ஒரு அடுக்கு, ஜனவரியில் ஒரு அடுக்கு, மார்ச்சில் ஒரு அடுக்கு என்று படிகிறது. இந்த அடுக்குகளுக்கு நடுவே எங்கேயாவது ஒன்று சர்க்கரை மாதிரி பொலபொலவென ஒட்டாமல் இருக்கும். அதன் மேல் கெட்டியான பாளம் உட்கார்ந்திருக்கும். அந்த பலவீனமான அடுக்கு உடைந்தால், மேலே உள்ள பாளம் முழுசாக வெட்டிக்கொண்டு இறங்கும். சில நூறு மீட்டர் அகலத்துக்குக் கூட ஒரே நொடியில் விரிசல் ஓடும். காய்ந்த பனிப் பாளம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வேகம் எடுக்கும்.

இந்தப் பாளத்தை உடைக்க பூகம்பம் எல்லாம் தேவையில்லை. ஒரு ஆளின் எடை போதும். மலையேறுபவர்களும் பனிச்சறுக்கு செய்பவர்களும் சிக்கும் விபத்துகளில் பத்தில் ஒன்பதில், சரிவைக் கிளப்பிவிட்டது சிக்கியவரோ அவர் கூட வந்தவரோதான் என்கிறார்கள் நிபுணர்கள்.

வெயில் வந்தா ஏன் ஆபத்து?

குளிர்காலத்தில் பனித்துகள்கள் ஒன்றோடு ஒன்று ஐஸ் பாலம் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற முதலில் உருகுவது இந்த ஒட்டுதான். மேலே உருகிய தண்ணீர் மெல்ல கீழே கசிகிறது. நம்ம ஊர் மொட்டை மாடியில் தேங்கும் மழைத்தண்ணீர், எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே இறங்கி, கீழே உள்ள அறையின் சீலிங்கில் ஈரமாக வெளிவருகிறது இல்லையா, அதே கதைதான்.

கசியும் தண்ணீர், நடுவில் ஏதாவது ஐஸ் தகடு இருந்தால் அதன் மேல் தேங்கும். அப்போது அந்தத் தகடு வழுக்குப் பலகை ஆகிவிடும். மேலே இருக்கும் ஈரப் பனியோ கனமாகிக்கொண்டே போகும். புதிதாக விழுந்த காய்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருந்தால், வெயில் காலத்து ஈரப் பனி 400, 500 கிலோ கூட இருக்கும். எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. பிறகென்ன, சரிய வேண்டியதுதான்.

ஈரப் பனிச்சரிவு காய்ந்த பனி அளவுக்கு வேகமாக வராது. ஆனால் அதுக்காக ஓடித் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கலக்கிய கான்கிரீட் மாதிரி வரும். நின்றதும் கான்கிரீட் மாதிரியே இறுகிவிடும். உள்ளே சிக்கியவர் விரலைக்கூட அசைக்க முடியாது.

ராத்திரி மேகமா இருந்தா நல்லதா, கெட்டதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

திருச்சியில் மேகம் மூடிய இரவில் புழுக்கம் எப்படி இருக்கும்? ஃபேன் போட்டாலும் தூக்கம் வராது. பகலில் தரை வாங்கிய சூடு, மேலே போக முடியாமல் மேகம் போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது. மலையிலும் இதே விதிதான். வானம் தெளிவாக, நட்சத்திரம் தெரிகிற இரவில் பனியின் சூடு எல்லாம் மேலே போய்விடும். பகலில் ஈரமான பனி மறுபடி உறைந்து, காலையில் கல் மாதிரி கெட்டியாகிவிடும். அந்த நேரம் ஈரப் பனிச்சரிவு அபாயம் குறைவு.

இரவு முழுக்க மேகமாக இருந்தால் பனி சரியாக உறையாது. காலையில் எழுந்து பார்க்கும்போதே அது ஈரமாக, தளர்ந்து இருக்கும். நேற்று மதியம் 12 மணிக்கு வந்த ஆபத்து, இன்று காலை 8 மணிக்கே வந்துவிடும். இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து உறையாமல் போனால், ஈரம் அடிவரைக்கும் இறங்கி, பெரிய பாளங்களே நேரம் காலம் பார்க்காமல் சரியலாம்.

ஆகவே 'இன்னைக்கு வெயில் எப்படி' என்று மட்டும் கேட்டால் போதாது. 'நேத்து ராத்திரி பனி உறைஞ்சுதா' என்பதுதான் முதல் கேள்வி.

கோடையிலும் புதுப் பனி விழுமா?

விழும். மத்தியத் தரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தோடு கிளம்பி வரும் காற்று மண்டலங்கள், அதாவது வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ் என்று வானிலை அறிக்கையில் சொல்கிறார்களே, அவை மார்ச், ஏப்ரலில் கூட இமயமலையில் கனமான பனியைக் கொட்டும்.

2021 ஏப்ரல் 23 அன்று நடந்தது இதற்கு உதாரணம். அதே சமோலி மாவட்டத்தில், நீதி பள்ளத்தாக்கில் உள்ள சும்னா பகுதியில் சாலைத் தொழிலாளர் முகாம் பக்கம் பனிச்சரிவு வந்தது. அதற்கு முந்தைய சில நாட்களாக அங்கே மழையும் பனியுமாகக் கொட்டியிருந்தது. ராணுவம் 384 பேரை மீட்டது. ஆனாலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

புதுப் பனி விழுந்த முதல் 24 முதல் 48 மணி நேரம் மிக ஆபத்தானது. பழைய பனி மேல் புதிய சுமை திடீரென ஏறியிருக்கும். ஒட்டிக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்காது. காற்றும் பலமாக இருந்தால் இன்னும் மோசம். மலையின் ஒரு பக்கத்துப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவித்துவிடும். உச்சி விளிம்பில் வீட்டு சன்ஷேடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு பனி நிற்கும். வெயிலில் அது உடைந்து விழுந்தால், கீழே உள்ள முழுச் சரிவையும் கிளப்பிவிடும்.

இதிலிருந்து புரிவது என்ன? இந்தப் பருவத்தில் ஆபத்து இரண்டு கதவு வழியாக வருகிறது. ஒன்று புதுப் பனியின் சுமை. அது மானா போல விடிகாலையிலும் வரும். இன்னொன்று வெயிலின் ஈரம். அது பெரும்பாலும் முற்பகலுக்குப் பிறகு வரும்.

எந்த இடம் ஆபத்து? மாடிப்படி கணக்கு

பனிச்சரிவு எல்லா இடத்திலும் கிளம்பாது. பெரும்பாலானவை 30 டிகிரி முதல் 45 டிகிரி வரை சாய்வு உள்ள இடங்களில்தான் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி அதிகம் தங்காது, அவ்வப்போது கொட்டிவிடும். அதைவிடச் சாய்வு குறைந்தால் பனி சும்மா உட்கார்ந்திருக்கும். ஈரப் பனி மட்டும் 25 டிகிரியிலும் நகரலாம்.

30 டிகிரி என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு மாடிப்படியைப் பாருங்கள். பெரும்பாலான மாடிப்படிகள் 30 முதல் 35 டிகிரி சாய்வில்தான் இருக்கும். பனி மூடிய மலைச்சரிவு உங்கள் மாடிப்படி அளவுக்குச் சாய்வாகத் தெரிந்தால், அது பனிச்சரிவு கிளம்பும் இடம். செல்போனில் சாய்வு அளக்கும் வசதி இருக்கும். வீட்டிலேயே ஒரு தடவை அளந்து பழகிக்கொள்ளலாம்.

அடுத்தது திசை. காலையில் முதலில் வெயில் படுவது கிழக்குப் பார்த்த சரிவுகள். உச்சி நேரத்தில் தெற்குப் பார்த்தவை. பிற்பகலில் மேற்கு. கடைசியாகத்தான் வடக்கு. ஆபத்தும் ஏறக்குறைய இதே வரிசையில் மலையைச் சுற்றி வரும். காலை 9 மணிக்கு கிழக்குச் சரிவில் பனி தளரும்போது, மேற்குச் சரிவு இன்னும் கல் மாதிரி இருக்கலாம்.

மூன்றாவது, நீங்கள் நிற்கும் இடம். "நாம சமதளத்துலதானே நிக்கிறோம்" என்று நிம்மதி அடைய முடியாது. மேலே கிளம்பியது கீழே வந்துதானே நிற்கும்? குறிப்பாக ஓடைப் பள்ளங்கள். கர்வால் பகுதியில் இவற்றை 'கதேரா' என்பார்கள். மேலே இருந்து வரும் பனி முழுக்க அந்தப் பள்ளத்தில் புனல் மாதிரி குவியும். கேதார்நாத் நடைபாதையில் உள்ள குபேர் கதேரா, பைரவ் கதேரா போன்ற இடங்களில் அடிக்கடி பனி இறங்குவது இதனால்தான். 2023 மே மாதத் தொடக்கத்தில், யாத்திரை நடந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பாதை பனியால் அடைபட்டது.

மரங்களும் சாட்சி சொல்லும். இரண்டு பக்கமும் அடர்ந்த காடு, நடுவில் மேலிருந்து கீழ் வரை மரமே இல்லாத ஒரு பட்டை என்றால், அது பனி வழக்கமாக இறங்கும் வழி. அதன் வாயில் டென்ட் போடுவது, ரயில் தண்டவாளத்தில் பாய் விரிப்பதற்குச் சமம்.

நேரக் கணக்கு ரொம்ப முக்கியம்

வெயில் காலப் பனியில் மலையேறும் அனுபவசாலிகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். சாமி கும்பிட இல்லை. பனி உறைந்து இருக்கும்போதே சரிவைக் கடந்துவிட. பனி கெட்டியாக இருக்கும்போது ஏறி, மேல் பரப்பு லேசாக இளக ஆரம்பிக்கும்போதே இறங்கிவிடுவார்கள். உச்சி வெயிலில் சரிவுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் விதி.

மானாவில் இருந்து வசுதாரா அருவிக்கு சுமார் 5 கி.மீ. நடந்து போவார்கள். கோயில் திறந்த புதிதில் அந்த வழியில் பனித்திட்டுகள் கிடக்கும். "காலையில நிதானமா டிபன் சாப்பிட்டு, பதினோரு மணிக்கு கிளம்பலாம்" என்பது நம்ம ஊர் டூர் பழக்கம். பனி கிடக்கும்போது அந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும்.

கால் ஒரு நல்ல அளவுகோல். பனியில் காலை வைத்தால் ஷூ தடம் லேசாகப் பதிகிறதா? பரவாயில்லை. கணுக்கால் வரை இறங்குகிறதா? நேரம் ஆகிவிட்டது, திரும்பத் தயாராகலாம். கெண்டைக்கால், முழங்கால் வரை இறங்குகிறதா? அந்தச் சரிவிலும் இருக்கக் கூடாது, அதற்குக் கீழேயும் இருக்கக் கூடாது.

கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் அறிகுறிகள்

கருவி எதுவும் இல்லாமலேயே மலை சில எச்சரிக்கைகளைக் கொடுக்கும்.

* பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி இறங்கிய தடம் இருக்கிறது. இதைவிடப் பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை. அதே சாய்வு, அதே திசை என்றால் அடுத்தது இங்கேயும் நடக்கலாம்.
* சரிவில் இருந்து பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றன. சக்கரம் மாதிரி சுருண்டு தடம் போட்டுக்கொண்டு வந்தால் மேல் பனி ஈரமாகிவிட்டது என்று பொருள்.
* நடக்கும்போது காலுக்கு அடியில் 'தும்ம்' என்று அமுங்கும் சத்தம். உள்ளே இருக்கும் பலவீனமான அடுக்கு உடையும் சத்தம் அது.
* காலடியில் இருந்து பனியில் விரிசல் ஓடுகிறது. உடனே வந்த வழியே திரும்ப வேண்டும்.
* பனி மேல் மழை பெய்கிறது. கொஞ்ச நேரத்திலேயே பிடிப்பு போய்விடும்.
* பாறைகளில் இருந்தும் மரங்களில் இருந்தும் பனி பொத் பொத்தென்று விழுகிறது. ஒரே நாளில் சூடு திடீரெனக் கூடியிருக்கிறது.

இதில் ஒன்று இருந்தாலே யோசிக்க வேண்டும். இரண்டு மூன்று சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், திரும்பிவிடுவதுதான் சரி.

எச்சரிக்கையில் வரும் 1 முதல் 5 வரை எண் என்ன சொல்லுது?

இந்தியாவில் பனிச்சரிவு ஆய்வு புதிதல்ல. 1969ல் மணாலியில் இதற்கென்றே பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2020ல் அது இன்னொரு ஆய்வகத்துடன் இணைக்கப்பட்டு, இப்போது பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ், மேலே சொன்ன சண்டிகர் நிறுவனமாகச் செயல்படுகிறது. மலைகளில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் தகவல்களை வைத்து எச்சரிக்கை தருகிறது.

உலக அளவில் இந்த அபாயத்தை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள்.

* நிலை 1: குறைவு
* நிலை 2: மிதமானது
* நிலை 3: கணிசமானது
* நிலை 4: அதிகம்
* நிலை 5: மிக அதிகம்

'அஞ்சுக்கு மூணுதானே, பாஸ் மார்க் மாதிரி நடுவுல இருக்கு' என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இந்த எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீராக ஏறுவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஆபத்து பல மடங்கு தாவுகிறது. நிலை 3 என்றால் ஒரே ஒரு ஆள் நடந்தாலே சரிவு கிளம்ப வாய்ப்பு அதிகம். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறப்பது இந்த நிலை 3 நாட்களில்தான். நிலை 4, 5 என்றால் ஊரே அடங்கிவிடும். நிலை 3ல் வெயிலும் அடிக்கும், வானமும் நீலமாக இருக்கும், மனசும் 'போலாம்' என்று சொல்லும்.

13வது மைலும் 15வது மைலும்

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் கேங்டாக்கில் இருந்து நாது லா கணவாய்க்குப் போகும் ஜவஹர்லால் நேரு சாலை. பகல் 12.20 மணி அளவில் 15வது மைல் அருகே பனிச்சரிவு வந்தது. சுற்றுலாப் பயணிகள் 7 பேர் உயிரிழந்தனர். பலர் பனிக்குள் இருந்து மீட்கப்பட்டனர்.

அன்று 13வது மைல் வரை போகத்தான் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது, ஆனால் பயணிகள் அதைத் தாண்டி 15வது மைல் வரை போனார்கள் என்று சிக்கிம் காவல்துறை அதிகாரி அப்போதே கூறியிருந்தார்.

ஏப்ரல் மாதம், உச்சி வேளை, அனுமதி எல்லையைத் தாண்டி இரண்டு மைல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் புரியும். பனிச்சரிவைப் பற்றிய அறிவை விட, அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபமா? திருச்சியில் இருந்து டெல்லி, ஹரித்வார், ரிஷிகேஷ் என்று பல நாள் பயணம். சேர்த்து வைத்த பணம். "இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காம போறதா?" என்ற ஏக்கம். குரூப்பில் பத்துப் பேர் கிளம்பும்போது "நான் வரல" என்று ஒருவர் சொல்லத் தயங்குவார். முன்னால் நாலு பேர் போகிறார்கள் என்றால் அது பாதுகாப்பான வழி என்று மனசு நம்பும். முன்னால் போனவர்களுக்கு எதுவும் ஆகவில்லை என்பது, அந்தப் பனி பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரமே இல்லை. பத்தாவது ஆளின் காலடியில் கூட அது உடையலாம்.

தமிழ்நாடு இதை வேறு விதத்தில் பார்த்திருக்கிறது. 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கே தீ, இங்கே பனி. மலைக்குப் போகும் பருவத்தையும் அனுமதியையும் கவனிக்க வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒருவேளை சிக்கிட்டா?

நேரம்தான் எல்லாம். பனிக்குள் முழுசாகப் புதைந்தவரை முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அரை மணி நேரத்தைத் தாண்டினால் வாய்ப்பு மளமளவெனச் சரியும். காரணம் குளிர் இல்லை, மூச்சுத் திணறல்.

அதனால்தான் பனிமலை ஏறுபவர்கள் மூன்று பொருட்களை வைத்துக்கொள்வார்கள். இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி. வெளியில் இருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடும். கூட இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். யாத்திரை போகும் நம்மவர்களிடம் இந்தக் கருவிகள் இருக்காது. எனவே சிக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

அப்படியும் மேலிருந்து பனி வருவதைப் பார்த்தால் பக்கவாட்டில் ஓட வேண்டும். கீழ்நோக்கி ஓடிப் பயனில்லை. பையையும் கைத்தடியையும் வீச வேண்டும் என்பார்கள். உள்ளே இழுத்துவிட்டால், பனி நிற்பதற்கு முன் கையை முகத்துக்கு முன்னால் வைத்து மூச்சுவிட இடம் உண்டாக்க வேண்டும். வெளியில் இருப்பவர்கள், ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, இன்னொரு சரிவு வரும் ஆபத்து இல்லை என்று பார்த்துவிட்டு, அதற்குக் கீழே தேட வேண்டும். உதவிக்கு 112.

அபூர்வமாக அதிசயமும் நடக்கும். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கும் மேல் உள்ள முகாமில் 19வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 வீரர்கள் பனியில் புதைந்தனர். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு கர்நாடகாவைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டபோது நாடே கைகூப்பியது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் உயிரிழந்தார். பனியை நன்கு அறிந்த, பயிற்சி பெற்ற வீரர்களுக்கே இந்த நிலை.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக் லிஸ்ட்

* கோயில் திறந்த முதல் வாரமே போக வேண்டும் என்பது கட்டாயமா? வயதானவர்கள் கூட வருகிறார்கள் என்றால் சில வாரங்கள் தள்ளிப் போடலாம். பாதையில் பனி குறைந்திருக்கும்.
* பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது கூடுதலாக வையுங்கள். ரிட்டர்ன் டிக்கெட் அவசரம்தான் பலரை மலையில் தவறான முடிவு எடுக்க வைக்கிறது.
* தினமும் மாலை வானிலை ஆய்வு மையத்தின் உத்தரகாண்ட் அறிவிப்பையும், பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். அதில் வரும் உயரத்தையும் நீங்கள் போகும் இடத்தின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர், கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர்.
* டூர் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: "பனி விழுந்தா என்ன பிளான்? திரும்பினா பணம் என்ன ஆகும்?" இதற்குத் தெளிவான பதில் இல்லை என்றால் யோசிக்கலாம்.
* பனி கிடக்கும் பகுதியைக் கூட்டமாகக் கடக்காதீர்கள். இடைவெளி விட்டு, நிற்காமல் நடங்கள். நடுவில் செல்ஃபி வேண்டாம்.
* போலீஸோ ராணுவமோ உள்ளூர் கடைக்காரரோ "இன்னைக்கு வேணாம்" என்றால், அத்துடன் விட்டுவிடுங்கள். எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று வருஷா வருஷம் பார்ப்பவர்கள் அவர்கள்.

மொத்தத்துல சொல்லணும்னா...

நாலு கேள்விகள் போதும். நேற்று இரவு பனி உறைந்ததா? இரண்டு நாளில் புதுப் பனியோ மழையோ விழுந்ததா? தலைக்கு மேலே மாடிப்படி அளவு சாய்வில் பனி இருக்கிறதா? இப்போது மணி என்ன? இந்த நாலுக்கும் பதில் தெரியாமல் பனிச்சரிவுப் பகுதியில் கால் வைக்காமல் இருப்பது நல்லது.

மானாவில் எச்சரிக்கை முந்தைய நாள் மாலையே வந்துவிட்டது. நாது லா பாதையில் எல்லை 13வது மைலிலேயே போடப்பட்டிருந்தது. தகவல் இல்லாமல் போகவில்லை. கே.கே. நகரில் இருந்தோ ஸ்ரீரங்கத்தில் இருந்தோ கிளம்பும் ஒரு குடும்பம், அப்படி ஒரு தகவல் கையில் வரும்போது ஒரு நாள் லாட்ஜிலேயே உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தால் போதும். பெருமாள் எங்கேயும் போய்விட மாட்டார். கோயில் ஐப்பசி, கார்த்திகை வரை திறந்துதான் இருக்கும்.